மாம்பழத் தோலை மீன் தீவனத்தில் சேர்ப்பது எப்படி

ஜூன், ஜூலையில் கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்தில் மாம்பழக்கூழ் ஆலைகள் இரவும் பகலும் ஓடும். உள்ளே போகிற பழத்தில் பெரும்பகுதி பெங்களூரா, அதாவது கிளிமூக்கு. 100 கிலோ பழம் போனால் ஏறக்குறைய 40 கிலோ தோலாகவும் கொட்டையாகவும் கோதாகவும் திரும்பி வெளியே வரும். இரண்டே நாளில் புளித்து, ஈ மொய்த்து, பக்கத்தில் நிற்க முடியாத குவியலாகிவிடும். இதே மாவட்டத்தில் ஏரியிலும் பண்ணைக்குட்டையிலும் கெண்டை வளர்ப்பவர்கள் தவிட்டுக்கும் பிண்ணாக்குக்கும் பணம் தேடி அலைகிறார்கள். இரண்டையும் சேர்க்க முடியும். ஆனால் ஆலையிலிருந்து டிராக்டரில் ஏற்றி வந்து நேரே குளத்தில் தள்ளுவது தீவனம் போடுவதாகாது. அது குளத்தைக் கெடுக்கிற வேலை.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். மாம்பழத் தோல் தவிட்டுக்கு மாற்று, பிண்ணாக்குக்கு மாற்று அல்ல. காய்ந்த தோலில் புரதம் 5 சதவீதம் அளவுதான். மீதி சர்க்கரை, நார், பெக்டின். எண்ணெய் எடுக்காத தவிட்டில் புரதம் 12 சதவீதம் இருக்கும், கடலைப் பிண்ணாக்கில் 40-க்கு மேல். வளரும் கெண்டைக்குத் தீவனத்தில் 25 முதல் 28 சதவீதம் புரதம் வேண்டும். தோல் சும்மா கிடைக்கிறதே என்று பிண்ணாக்கைக் குறைத்தால் மீன் தின்னும், வயிறு நிறையும், எடை ஏறாது. இந்த முயற்சியில் இறங்கிக் கைவிட்டவர்களில் பலர் சறுக்கியது இங்கேதான்.

எந்த மீனுக்கு ஆகும்

ரோகு, கட்லா, மிர்கால், சாதாக் கெண்டை, புல் கெண்டை, திலேப்பியா ஆகியவற்றுக்கு ஆகும். இவை மாவுச்சத்தைச் செரிக்கும். விரால், கொடுவா போன்ற ஊனுண்ணிகளுக்குக் கொடுக்கவே வேண்டாம், அவற்றின் குடல் இதற்கானதல்ல. குஞ்சுகளுக்கும் வேண்டாம். சிறு குஞ்சுக்குப் புரதம் கூடுதலாக வேண்டும், நார் ஆகாது. மீன் 100 கிராம் தாண்டிய பிறகு தொடங்குவது நல்லது.

ஆலையில் எதை எடுப்பது, எதை விடுவது

பல்ப்பரிலிருந்து, அதாவது கூழ் பிழியும் இயந்திரத்திலிருந்து, அன்று காலை விழுந்த தோலையும் கோதையும் எடுங்கள். நேற்றைய குவியலின் அடியிலிருந்து எடுக்காதீர்கள். கையை உள்ளே விட்டுப் பாருங்கள். குளிர்ச்சியாக இருந்தால் எடுக்கலாம். சூடாக, கள் வாடை அடித்தால் உள்ளே நொதித்துவிட்டது என்று பொருள். தரம் பிரிக்கும் மேடையில் ஒதுக்கிய அழுகல் பழத்தை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், பூஞ்சை அதிலிருந்துதான் கிளம்பும். கழிவுநீர்த் தொட்டிச் சேறு தீவனமே அல்ல.

இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆலைக் குழாய்களைக் காஸ்டிக் சோடா போட்டுக் கழுவும் நேரம் உண்டு. கழுவும் வேளையிலும் அது முடிந்த உடனேயும் வருகிற கழிவு வேண்டாம். தோலைத் தொட்டால் வழவழவென்று சோப்புபோல விரலில் நழுவினால் சந்தேகப்படுங்கள். பழத்தைக் கழுவிய பிறகுதான் தோல் நீக்குகிறார்களா என்பதையும் பாருங்கள். தோட்டத்தில் அடித்த மருந்து தங்குவது தோலில்தான். கழுவாத பழத்தின் தோலை மீனுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

எவ்வளவு வேண்டும்

ஏக்கருக்கு 2,000 குஞ்சு விட்டு, ஒன்றே முக்கால் டன் மீன் எடுப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு கிலோ மீனுக்கு இரண்டு கிலோ தீவனம் என்ற கணக்கில் மொத்தம் 3,500 கிலோ தீவனம் போகும். தொடக்க மாதங்களில் தோல் கிடையாது, பிற்பாடு 15 சதவீதம் வரை போகலாம். சராசரி 10 சதவீதம் என்று வைத்தால் காய்ந்த தோல் 350 கிலோ போதும். ஈரத்தோலில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 100 கிலோ ஈரத்தோல் காய்ந்தால் 22 கிலோ அளவு நிற்கும். ஆக ஓர் ஏக்கர் குளத்துக்கு, ஒரு வளர்ப்புக் காலம் முழுவதற்கும், 1,600 கிலோ ஈரத்தோல்தான் தேவை. ஐந்து டிராக்டர் ஏற்றி வந்து நான்கை அழுகவிடுவதில் என்ன லாபம்?

அந்த 1,600 கிலோவையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். 400 கிலோ வீதம் நான்கு தடவையாக எடுங்கள். காரணம் உலர்த்தும் இடம். சதுர மீட்டருக்கு 4 கிலோவுக்கு மேல் பரப்பினால் அடியில் காயாது. 400 கிலோவுக்கு 100 சதுர மீட்டர் வேண்டும். 30 அடிக்கு 36 அடி தார்ப்பாய் ஒன்று விரித்தால் சரியாக இருக்கும்.

உலர்த்துவது

எல்லாமே இதில்தான் இருக்கிறது. தோல் வந்த ஆறு மணி நேரத்துக்குள் விரித்துவிட வேண்டும். முதலில் ரப்பர் பேண்டு, ஸ்டிக்கர், பிளாஸ்டிக் துண்டு, வைக்கோல் எல்லாவற்றையும் பொறுக்குங்கள். பிறகு அரிவாளாலோ தீவனம் நறுக்கும் இயந்திரத்தாலோ இரண்டு, மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். முழுத்தோல் சுருண்டுகொள்ளும். சுருளின் உட்பக்கம் ஈரம் நிற்கும், அந்த மடிப்பில்தான் பூஞ்சை பிடிக்கும். ஒரு நாள் காய்ந்த முழுத்தோலை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். வெளியே பழுப்பாக மொறமொறவென்று இருக்கும், உள்மடிப்பில் இன்னும் மஞ்சளாகச் சதை ஒட்டிக்கொண்டு பிசுபிசுக்கும். நறுக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

முதல் நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள், அடுத்தடுத்த நாள் மூன்று தடவை போதும். நல்ல வெயிலில் மூன்று, நான்கு நாளில் காயும். சிமெண்டுக் களம் இருந்தாலும் மேலே தார்ப்பாய் போடுங்கள். வெறும் களத்தில் சர்க்கரைப் பாகு இறங்கி ஒட்டிக்கொள்ளும், வழிக்கும்போது மண்ணும் சேர்ந்து வரும். மாலையில் இடிமழை வருகிற பருவம் இது. நான்கு மணிக்கே தார்ப்பாயை நான்கு மூலையும் தூக்கி நடுவில் குவித்து, மேலே இன்னொரு பாய் போட்டு மூடுங்கள். காலையில் வெயில் ஏறியதும் உடனே பிரித்துவிட வேண்டும். மூடியபடியே பத்து மணி வரை கிடந்தால் வெந்து நாறிவிடும்.

காய்ந்ததா என்று வெயிலில் வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். சர்க்கரை இருப்பதால் சூடாக இருக்கும்போது தோல் பதமாக, செருப்புத் தோல்போல வளையும். ஒரு கைப்பிடி எடுத்து நிழலில் பத்து நிமிடம் ஆறவிட்டு ஒடித்துப் பாருங்கள். 'டக்'கென்று உடைய வேண்டும். இன்னும் சந்தேகம் இருந்தால், கண்ணாடிப் பாட்டிலில் பாதி அளவு தோலும், வறுத்து ஆறவைத்த தூள் உப்பு இரண்டு ஸ்பூனும் போட்டு மூடிப் பத்து நிமிடம் குலுக்குங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் இருக்கிறது. உதிரியாக ஓடி, ஆறிய துண்டும் 'டக்'கென்று உடைந்தால் மூட்டை கட்டலாம். ஈரம் 10 சதவீதத்துக்கு வர வேண்டும்.

மழை விடாமல் பிடித்துக்கொண்டால் வெயிலுக்குக் காத்திருக்காமல் அந்தத் தொகுதியை ஊறவைத்துவிடுங்கள். மாட்டுக்குச் சைலேஜ் போடுகிற அதே முறைதான். மூடி வளையம் உள்ள 60 லிட்டர் டிரம்மில் நறுக்கிய தோல் 24 கிலோ, தவிடு 16 கிலோ என்று நன்றாகப் பிசைந்து, அடுக்கடுக்காகக் கையால் குத்தி அமுக்கி, விளிம்பு வரை நிரப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு மூடுங்கள். தோலிலேயே சர்க்கரை இருப்பதால் வெல்லப்பாகு சேர்க்க வேண்டாம். மூன்று வாரம் திறக்காதீர்கள். திறக்கும்போது தயிர்ப் புளிப்பு வாடை வர வேண்டும், பி.எச். தாளில் 4 பக்கம் காட்ட வேண்டும். கள் வாடை வந்தால் காற்று புகுந்திருக்கலாம். மேலே ஒரு சாண் எடுத்து எறிந்துவிட்டு அடியில் இருப்பதைப் பாருங்கள். சாண வாடையோ கெட்ட வெண்ணெய் வாடையோ வந்தால் முழுதும் எருக்குழிக்குத்தான். பெரிய 200 லிட்டர் டிரம் வாங்காதீர்கள். திறந்த டிரம்மை மூன்று, நான்கு நாளில் முடிக்க வேண்டும், ஓர் ஏக்கர் குளத்தில் பெரிய டிரம் அதற்குள் தீராது. ஒரு 60 லிட்டர் டிரம் ஊறலுக்கு 22 கிலோ கடலைப் பிண்ணாக்குத் தூள் கலந்தால் புரதம் 26 சதவீதத்தில் நிற்கும்.

கொட்டையை என்ன செய்வது

கொட்டைப் பருப்பில் மாவுச்சத்து நிறைய, கொழுப்பு 10 சதவீதம் வரை, புரதம் 6 முதல் 9 வரை. எண்ணிப் பார்த்தால் தோலைவிட மேல். ஆனால் அதில் துவர்ப்பு இருக்கிறது, டானின். டானின் புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கொட்டைப் பருப்பை அப்படியே அரைத்துக் கலந்தால், நீங்கள் விலை கொடுத்து வாங்கிய பிண்ணாக்கின் புரதத்தையும் சேர்த்துச் செரிக்கவிடாமல் செய்யும். தீவனமும் கசக்கும், மீன் ஒதுங்கும்.

அதனால் ஓட்டை உடைத்துப் பருப்பை எடுத்து, நான்காக நறுக்கி, மூன்று பங்கு தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, அதையும் வடித்துவிட்டு உலர்த்துங்கள். துவர்ப்பு போயிற்றா என்று பார்க்க, வெந்த துண்டை நாக்கு நுனியில் வைத்தாலே தெரியும். கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஊறிய தண்ணீரை ஒரு டம்ளரில் எடுத்து அன்னபேதியை (இரும்பு சல்பேட்) ஒரு சிட்டிகை போடுங்கள். முதல் ஊறல் தண்ணீர் எழுதும் மைபோலக் கறுத்துவிடும். கடைசித் தண்ணீர் லேசான சாம்பல் நிறத்தோடு நின்றால் போதும். இந்தத் தண்ணீரைக் குளத்துக்குள் விடாதீர்கள், தென்னை மரத்தடிக்கும் ஒரேயடியாக ஊற்ற வேண்டாம். குழியில் விட்டு ஆறவிடுங்கள். பதம் செய்த பருப்பும் தீவனத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

எங்கள் கருத்தைக் கேட்டால், கையால் ஓடு உடைப்பதாக இருந்தால் கொட்டையை விட்டுவிடுங்கள். ஓடும் ஈரமும் போக, கொட்டை எடையில் கால் பங்கு தேறினால் பெரிது. விறகும் ஆளும் அதைத் தின்றுவிடும். தோலோடு நின்றுகொள்வதே சிறு பண்ணைக்குப் பொருந்தும்.

அரைப்பதும் சேமிப்பதும்

காய்ந்த தோலை மாவு மில்லில் தனியாகப் போட்டால் இயந்திரம் சூடேறி, சர்க்கரை இளகி, கல்லில் பசையாக அப்பிக்கொள்ளும். மில்காரர் அடுத்த தடவை உள்ளே விடமாட்டார். தோலுக்குச் சம எடை தவிடு கலந்து கொடுங்கள், உதிரியாக வந்துவிடும். ஆனால் முழுவதையும் ஒரே நாளில் அரைத்து வைக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள். தூள் ஈரத்தைச் சீக்கிரம் உறிஞ்சும்.

ஜூலையில் காயவைத்ததை நீங்கள் பெரும்பாலும் அக்டோபருக்குப் பிறகுதான் போடப் போகிறீர்கள். நடுவில் ஐப்பசி மழை இருக்கிறது. உள்ளே பிளாஸ்டிக் உறை உள்ள சாக்கில் கட்டி, பலகை மேல், சுவரைத் தொடாமல் அடுக்குங்கள். இனிப்பு என்பதால் எறும்பு வரும், பலகைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். மாதம் ஒருமுறை ஒரு மூட்டையைப் பிரித்து ஒடித்துப் பாருங்கள். வளைந்தால் ஒரு நாள் வெயில் காட்டுங்கள். பச்சை, கறுப்புப் பூஞ்சை தெரிந்தால் அந்த மூட்டையை முழுதாக எறியுங்கள். பூஞ்சை பிடித்த பகுதியை மட்டும் கிள்ளிவிட்டு மீதியைப் போடுகிற சிக்கனம் வேண்டாம். பூஞ்சை விடுகிற அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு கண்ணுக்குத் தெரியாது, வேகவைத்தாலும் போகாது, மீனின் ஈரலைக் கெடுக்கும். கடலைப் பிண்ணாக்கிலும் இதே ஆபத்து உண்டு, அதையும் சேர்த்துப் பாருங்கள்.

கலவை

பெரும்பாலான பண்ணைகளில் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் பாதிக்குப் பாதி. அதில் 15 கிலோ தவிட்டை எடுத்துவிட்டுத் தோல்தூள் போட்டால் புரதம் ஒரு சதவீதம் இறங்கும். அதைச் சரிக்கட்ட 100 கிலோவுக்கு இப்படிப் போடுங்கள்:

கடலைப் பிண்ணாக்கு 53 கிலோ
தவிடு 32 கிலோ
தோல்தூள் 15 கிலோ

மேலே தாதுக் கலவை ஒரு கிலோ. தோலைத் தவிடு சேர்த்து அரைத்திருந்தால், அந்தத் தவிட்டை 32-இல் கழித்துக்கொள்ளுங்கள்.

பிழிந்து உலர்த்திய குச்சித் தீவனம் செய்கிறவர்களுக்கு, 100 கிலோவுக்கு: கடலைப் பிண்ணாக்கு 32, சோயாப் பிண்ணாக்கு 10, மீன்தூள் 8, தவிடு 25, தோல்தூள் 10, பதம் செய்த கொட்டைப் பருப்புத் தூள் 5, மரவள்ளி மாவு 8, தாதுக் கலவை 1, உப்பு 1. புரதம் 26 சதவீதம் வரும். பருப்பு இல்லாவிட்டால் அந்த 5 கிலோவைத் தவிட்டில் சேர்த்துவிடுங்கள். மரவள்ளி மாவைக் கொதிநீரில் கூழாகக் காய்ச்சி, மற்றவற்றோடு சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசைந்து, இட்லிப் பாத்திரத்தில் இருபது நிமிடம் ஆவியில் வேகவிட்டு, ஆறிய பிறகு தாதுக் கலவையைச் சேர்த்து, 3 மில்லிமீட்டர் அச்சில் பிழியுங்கள். காய்ந்த குச்சி பத்தைத் தண்ணீர் டம்ளரில் போட்டுப் பாருங்கள். இருபது நிமிடம் கரையாமல் நிற்க வேண்டும். குறுக்கே வெடித்து உடைந்தால் தோல் கொரகொரப்பாக இருக்கிறது, சலித்துப் போடுங்கள். சுற்றிலும் கலங்கி மாவாகக் கரைந்தால் கூழ் சரியாக வேகவில்லை.

போடும் முறை

தோல்தூள் லேசானது. உலர்ந்த கலவையை அப்படியே வீசினால் தூள் மிதந்து காற்றோடு கரைக்குப் போகும், பிண்ணாக்கு மட்டும் மூழ்கும். கலவையை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற பதத்துக்குக் கொண்டுவந்து, அடியில் விரல் நுழையும் அளவு ஓட்டை போட்ட உரச் சாக்கில் நிரப்பி, மூங்கில் கழியில் கட்டித் தொங்கவிடுங்கள். ஏக்கருக்கு ஆறு முதல் எட்டுச் சாக்கு. காலை ஒன்பது மணிக்குப் பாதி, மாலை நான்குக்குள் பாதி. அளவு மீன் எடையில் 2 சதவீதம். உயிரோடு 1,800 மீன், சராசரி 250 கிராம் என்றால் 450 கிலோ, தீவனம் 9 கிலோ. இந்த எடை உலர்ந்த கலவையின் எடை என்பதை மறக்காதீர்கள்.

முதல் வாரம் தோல் 5 சதவீதம், இரண்டாம் வாரம் 10, பிறகு 15. எடுத்த எடுப்பில் 15 வைத்தால் மீன் இரண்டு, மூன்று நாள் சாக்குப் பக்கம் வராது, அந்தத் தீவனம் அடியில் போய் அழுகும். இரண்டு மணி நேரம் கழித்துச் சாக்கைத் தூக்கிப் பாருங்கள். மிச்சம் இருந்தால் மறுநாள் பத்தில் ஒரு பங்கு குறையுங்கள்.

எங்கே கெடும்

விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளந்தால் தண்ணீரில் உயிர்க்காற்று குறைந்துவிட்டது. மிச்சத் தீவனத்தின் சர்க்கரையைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் இரவெல்லாம் அதைக் குடித்துவிடுகின்றன. ஈரத்தோலைக் குளத்தில் கொட்டுகிறவர்கள் குளத்தை இழப்பதும் இப்படித்தான். உடனே காற்றூட்டியையோ மோட்டாரையோ போட்டுத் தண்ணீரைத் தெளித்து விழவிடுங்கள், அன்றைக்குத் தீவனமே வேண்டாம், மறுநாள் பாதி. வானம் மூடிக்கிடக்கிற மேகமூட்ட நாட்களில் தோல் கலந்த தீவனத்தை முன்கூட்டியே நிறுத்திவைப்பது புத்திசாலித்தனம்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீச்சு வலை போட்டு 25 மீனை எடைபோடுங்கள். எடை ஏற்றம் முந்தைய பதினைந்து நாளைவிடத் தெளிவாகக் குறைந்து, தண்ணீரும் குளிரும் மாறவில்லை என்றால் தோலை 10-க்கு இறக்குங்கள். அப்போதும் ஒரு மீனை அறுத்துப் பார்த்துவிடுங்கள். குடலைச் சுற்றி வெள்ளைக் கொழுப்பு பஞ்சுபோலச் சுருண்டிருந்து, ஈரல் செம்பழுப்பு இல்லாமல் வெளிறிய மஞ்சளாக இருந்தால் மாவுச்சத்து மிஞ்சிப் புரதம் போதவில்லை. பிண்ணாக்கைக் கூட்டுங்கள்.

கட்டுப்படியாகுமா

உதாரணத்துக்கு, 400 கிலோ ஈரத்தோல் கொண்டுவரக் குட்டி யானை வண்டி வாடகை 600 ரூபாய், நறுக்கிக் காயவைக்க ஆள் கூலி 1,000 ரூபாய் என்று வையுங்கள். கிடைப்பது 88 கிலோ, கிலோ 18 ரூபாய் ஆகிறது. தவிடு கிலோ 22, பிண்ணாக்கு 50 என்றால், 100 கிலோ கலவையில் 18 கிலோ தவிடு மிச்சம், அது 396 ரூபாய். 15 கிலோ தோலுக்கு 270-உம், கூடுதல் 3 கிலோ பிண்ணாக்குக்கு 150-உம் சேர்ந்து செலவு 420. கூலி ஆள் வைத்தால் 24 ரூபாய் நட்டம். வீட்டு ஆட்களே காயவைத்தால் தோல் கிலோ 7 ரூபாய்க்குள் அடங்கும், 100 கிலோவுக்கு 140 ரூபாய் மிஞ்சும். ஓர் ஏக்கருக்கு, 350 கிலோ தோலுக்கு, மூவாயிரத்துச் சொச்சம். உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆலை பக்கத்தில் இருந்து, தவிடு விலை ஏறிக்கிடக்கிற ஆண்டில் இது நன்றாகக் கைகொடுக்கும். முப்பது கிலோமீட்டர் தள்ளிக் குளம் இருந்தால் வேண்டாம்.

மற்ற பழங்கள்: அன்னாசித் தோலும் நடுத்தண்டும் இதே முறையில், இதே அளவில் ஆகும், ஆனால் நார் அதிகம், நுணுக்கமாகச் சலிக்க வேண்டும். சாத்துக்குடி, ஆரஞ்சுத் தோலில் எண்ணெயும் கசப்பும் இருப்பதால் 5 சதவீதத்தோடு நிறுத்துங்கள். திராட்சைச் சக்கையில் விதையின் டானின் உண்டு, அதற்கும் 5-தான். ஊறுகாய்க் கூடத்து மாங்காய்த் தோல் உப்பேறியது, அதைத் தொடாதீர்கள்.

கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூரில் தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மீன் வளர்ப்பு மையம் இருக்கிறது. முதல் தொகுதி தோலையும், நீங்கள் கலந்த தீவனத்தில் ஒரு கிலோவையும் எடுத்துப்போய், ஈரம், புரதம், அஃப்ளாடாக்சின் மூன்றையும் எங்கே சோதிக்கலாம் என்று அங்கே கேளுங்கள். சோதனை முடிவு கைக்கு வந்த பிறகு முழுக் குளத்துக்கும் போடுங்கள். அதுவரை குளத்தின் ஒரு மூலையில் வலைத் தொட்டி கட்டி ஐம்பது மீனுக்கு மட்டும் கொடுத்து வாருங்கள்.